அவனுக்கு ஒழுங்கு வராது

தமிழில் ஒரு வசதி உண்டு. 'எனக்குப் பாட்டு வராது' என்கிறோம். 'அவளுக்கு நீச்சல் வராது', 'என் பையனுக்குக் கணக்கு வராது' என்கிறோம். ஏதோ கணக்கு தெருமுனை வரைக்கும் வந்து, வீட்டு விலாசம் தெரியாமல் திரும்பிப் போய்விட்ட மாதிரி. வராததற்காக யாரும் யாரையும் அடிக்கப் போவதில்லை. 'வராதுன்னா விடு, வேற ஏதாச்சும் பண்ணட்டும்' என்று சொல்லிவிடுவோம்.

ஆனால், 'அவனுக்கு ஒழுங்கு வராது' என்று யாராவது சொல்லி நீங்கள் கேட்டதுண்டா? நான் கேட்டதில்லை. அந்த இடத்தில் மட்டும் வாக்கியம் மாறிவிடும். 'எதையும் ஒழுங்கா செய்ய மாட்டான்' என்போம். 'வராது' போய் 'மாட்டான்' வந்துவிடுகிறது. கூடவே கோபமும்.

என் தம்பியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அவனிடம் அனுமதி வாங்கிவிட்டேன். "எழுதிக்கோண்ணே, பேரை மட்டும் போட்டுறாத" என்றான்.

சின்ன வயதில் அவனைக் கடைக்கு அனுப்புவது வீட்டில் ஒரு திருவிழா. ரேஷன் கடையில் ஒரு மணி நேரம் வரிசையில் நிற்பான். முறை வரும்போது கார்டு வீட்டில் இருக்கும். ஓடிவந்து கார்டை எடுத்துக்கொண்டு போவான். பை இங்கேயே கிடக்கும். பள்ளிக்கூடம் கிளம்பும்போது ஷூவைப் போட்டுக்கொண்டு சாக்ஸைத் தேடுவான். இதெல்லாம் எல்லாருக்கும் நடப்பதுதானே என்பீர்கள். வாஸ்தவம். எனக்கும் மாதத்துக்கு ஒரு தடவை நடக்கிறது. அவனுக்கு ஒரு நாளில் பத்து தடவை நடக்கும். ஐம்பது வயதைத் தாண்டியும் நடக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால், அந்த வித்தியாசத்துக்குள் ஒரு வாழ்க்கையே மாட்டிக்கொண்டது.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் அவன் வங்கித் தேர்வுக்கு மூன்று முறை விண்ணப்பித்தான். முதல் முறை எல்லாவற்றையும் வைத்து உறையை ஒட்டி அனுப்பினான். டிமாண்ட் டிராஃப்ட் மட்டும் மேஜை மேல் இருந்தது. இரண்டாவது முறை டிராஃப்ட் போயிற்று; கையெழுத்துப் போடவில்லை. மூன்றாவது முறை டிராஃப்ட், கையெழுத்து, போட்டோ எல்லாம் சரி. உறையைப் பையில் வைத்துக்கொண்டே நாலு நாள் சுற்றினான். கடைசித் தேதிக்கு மறுநாள்தான் அவனுக்கு அது ஞாபகம் வந்தது.

அப்பா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "செய்யணும்னு நெனச்சா செஞ்சிருப்பாம்லா. அவனுக்கு அக்கறை கிடையாது."

அம்மா ரசத்தை ஊற்றியபடி, "அவனுக்கு அது வரமாட்டேங்குது, விடுங்களேன்" என்றாள். அம்மா பேச்சை யார் கேட்டார்கள்?

அன்று ராத்திரி பக்கத்துப் பாயில் அவன் தூங்காமல் கிடந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒன்றும் கேட்கவில்லை. அப்பா சொன்னது சரி என்றுதான் நானும் நினைத்தேன். அந்த மூன்றாவது உறையை ஒட்டுவதற்கு முன்னால் அவன் நாலு தடவை எல்லாவற்றையும் வெளியே எடுத்து எண்ணிப் பார்த்ததைக் கண்ணால் கண்டவன் நான். அக்கறை இல்லாதவன் எதற்காக நாலு தடவை எண்ண வேண்டும்? இந்தக் கேள்வி எனக்குத் தோன்ற முப்பது வருஷம் ஆயிற்று.

அதற்கு நம் மொழியும் ஒரு காரணமோ என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன். 'ஒழுங்கு', 'ஒழுக்கம்' இரண்டும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். மேஜை டிராயர் அலங்கோலமாக இருந்தாலும் ஒழுங்கில்லை. ஒருவன் கெட்ட வழியில் போனாலும் ஒழுங்கில்லை. அலுவலகத்தில் பணத்தைக் கையாடினால் எடுப்பது 'ஒழுங்கு நடவடிக்கை'. ஒரே வார்த்தையால் அலமாரியையும் குணத்தையும் அளக்கிறோம். அலமாரி கலைந்து கிடக்கிறவனின் குணமும் கலைந்துதான் கிடக்கும் என்று, யோசிக்காமலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

வள்ளுவரும் மறதியை விட்டு வைக்கவில்லையே என்று யாராவது கேட்கலாம். 'பொச்சாவாமை' என்று 54-ஆம் அதிகாரமே இருக்கிறது. ஆனால், அங்கே அவர் கண்டிப்பது சந்தோஷ மிதப்பில் கடமையை மறக்கிறவனை. என் தம்பி எந்த நாளும் மிதப்பில் மறந்ததில்லை. பயத்தில் மறந்தான். மறந்துவிடுவோமோ என்ற பயத்திலேயே மறந்தான்.

விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது அவன் மகள் மூலமாக. நாலு வருஷத்துக்கு முன்னால், அவள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது. ஹோம்வொர்க் முழுக்க முடித்துவிடுவாள். நோட்டை எடுத்துப் போக மாட்டாள். கணக்கில் விடை சரியாக இருக்கும். படிகள் முன்பின்னாகத் தாறுமாறாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் சொல்லி, ஒரு மனநல ஆலோசகரிடம் போனோம். நானும் கூடப் போயிருந்தேன். அந்த அம்மா குழந்தையிடம் நிறைய விளையாட்டுக் காட்டினார். ஒரு பையன் காலையில் எழுந்து பள்ளிக்கூடம் போகிறவரைக்குமான படங்கள். கலைத்துப் போட்டு, அடுக்கச் சொன்னார். குழந்தை ஒவ்வொரு படத்தையும் அழகாக விவரித்தது. அடுக்கத்தான் முடியவில்லை.

பிறகு அவர் எங்கள் பக்கம் திரும்பி, "குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி இருந்திருக்கா?" என்று கேட்டார்.

என் தம்பி, வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பையன் மாதிரி மெதுவாகக் கையைத் தூக்கினான்.

வேலைகளை வரிசைப்படுத்துவது, எதை முதலில், எதை அடுத்து என்று தீர்மானிப்பது, ஒன்றைச் செய்யும்போதே அடுத்ததை மனசில் பிடித்து வைத்திருப்பது... இதெல்லாம் அறிவோடு சேர்ந்து தானாக வந்துவிடுகிற சமாச்சாரமில்லை, மூளைக்கு இது ஒரு தனி வேலை என்று அவர் விளக்கினார். கவனக்குறைவுக் கோளாறு உள்ளவர்களுக்கு, டிஸ்லெக்ஸியா, டிஸ்ப்ராக்ஸியா உள்ளவர்களுக்கு, தலையில் அடிபட்டவர்களுக்கு என்று பலருக்கும் பல காரணங்களால் அது சிரமமாகிவிடலாமாம். புத்தி கூர்மையாகவே இருக்கும். வரிசை மட்டும் வராது.

வீட்டுக்கு வந்து இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அதில் ஒரு சம்பவம் என்னை ரொம்பவே கலக்கிவிட்டது. கனடாவின் மாண்ட்ரியால் நகரத்தில் வைல்டர் பென்ஃபீல்ட் என்று உலகப் புகழ்பெற்ற மூளை அறுவை நிபுணர் இருந்தார். 1928-இல் அவர் தன் சொந்த அக்காவுக்கே அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வந்தது. மூளையில் கட்டி. நெற்றிக்குப் பின்னால் வலது பக்க மூளையில் பெரும்பகுதியை எடுத்துவிட நேர்ந்தது. அக்கா பிழைத்துக்கொண்டார். பதினைந்து மாதம் கழித்து ஒருநாள், தம்பியைச் சாப்பிடக் கூப்பிட்டார். வீட்டு ஆட்கள் நாலு பேர், விருந்தாளி ஒருவர். எளிமையான சாப்பாடு. ஆசை ஆசையாகக் காத்திருந்த நாள். சமைக்க முழுப் பகல் பொழுதும் கையில் இருந்தது.

சாப்பாட்டு நேரத்துக்குப் பென்ஃபீல்ட் போகிறார். அக்கா சமையலறையில் இருக்கிறார். எல்லாப் பொருளும் அங்கே இருக்கிறது. ஒன்றிரண்டு அடுப்பில் இருக்கிறது. சாலட் தயாராகவில்லை. இறைச்சியைத் தொடவே இல்லை. நாள் முழுக்கத் தனியாகப் போராடிக் களைத்துக் கலங்கிப் போய் நிற்கிறார். மற்றவர்கள் கை கொடுத்ததும் கொஞ்ச நேரத்தில் சமையல் முடிந்தது. சாப்பிடும்போது அக்கா எப்போதும் போலச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். கட்டி மறுபடி வளர்ந்து பின்னாளில் அவர் இறந்துபோனார். 1935-இல் 'பிரெயின்' இதழில் எழுதிய மருத்துவக் கட்டுரையில் பென்ஃபீல்ட் இந்தச் சாப்பாட்டையும் பதிவு செய்திருக்கிறார்.

அந்த அக்காவுக்கு மூளையில் ஒரு பகுதியே போய்விட்டது. என் தம்பிக்குப் பிறவியிலேயே கொஞ்சம் கோணல். இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால், அந்தச் சமையலறையைப் பாருங்கள். அக்கறை இல்லை என்று அங்கே யார் சொல்ல முடியும்? ஒருவேளை அந்த வீட்டில் எங்கள் அப்பா இருந்திருந்தால்...

அப்பாவை நான் குறை சொல்லவில்லை. 2004-இல் போய்ச் சேர்ந்துவிட்டார். தங்கமான மனிதர். ஆனால், அவர் பார்த்த வேலையை நினைத்தால்தான் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது. அவர் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர். தென் மாவட்டங்களில் ஒற்றைத் தண்டவாளப் பாதையில் சின்னச் சின்ன ஸ்டேஷன்களாக மாற்றலாகிப் போய்க்கொண்டிருந்தார். நாங்கள் வளர்ந்ததெல்லாம் ரயில்வே குவார்ட்டர்ஸில்தான்.

அவர் அறையில் கனமான இரும்புப் பெட்டி மாதிரி ஒரு கருவி இருக்கும். உள்ளே இரும்புப் பந்துகள். டோக்கன் என்பார்கள். அப்பா மணியடித்து அடுத்த ஸ்டேஷனில் லைன் கிளியர் கேட்பார். அங்கே இருக்கிறவர் சம்மதித்து அவர் பக்கத்துக் கருவியை இயக்கினால்தான் இங்கே பந்து வெளியே விழும். அதை வளையம் வைத்த தோல் பையில் போட்டு எஞ்சின் டிரைவரிடம் கொடுப்பார்கள். ஒரு பந்து வெளியே போயிருந்தால் இன்னொரு பந்து வராது. அப்பா தலைகீழாக நின்றாலும் வராது. லீவர்களும் அப்படித்தான். தண்டவாளத்தின் பாயிண்ட் சரியாகப் பொருந்திப் பூட்டிக்கொள்ளாத வரைக்கும் சிக்னல் லீவர் அசையாது. சின்ன வயதில் நான் ஒருநாள் திருட்டுத்தனமாக இழுத்துப் பார்த்து, தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம்.

அதாவது, முதலில் இது, பிறகு இது என்ற வரிசையை ரயில்வே அப்பாவின் தலைக்குள் மட்டும் விட்டு வைக்கவில்லை. இரும்பில் செய்து வைத்திருந்தது. எவ்வளவு கெட்டிக்கார ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தாலும் தூக்கக் கலக்கத்தில், ராத்திரி ரெண்டு மணிக்கு வரிசை தப்பும் என்று யாரோ ஒரு புண்ணியவான் எப்போதோ ஒப்புக்கொண்டதால் வந்த ஏற்பாடு அது. 'ஸ்டேஷன் மாஸ்டருக்கு அக்கறை இருந்தால் போதும்' என்று அவர்கள் விட்டிருந்தால் எத்தனை ரயில் மோதியிருக்கும்! முப்பத்தைந்து வருஷம் அந்தக் கருவியை நம்பி வேலை பார்த்தவர், மகனுக்கு மட்டும் அப்படி ஒரு கருவி வேண்டியிருக்கலாம் என்று நினைக்கவே இல்லை. டூட்டி முடித்து வீட்டுக்கு வந்ததும், 'அக்கறை கிடையாது' என்றார்.

டாக்டர்கள்கூட இதை ஒப்புக்கொள்ள வெகுகாலம் ஆயிற்று. டெல்லி, லண்டன், டொராண்டோ என்று எட்டு நகரத்து மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைக்கு ஒரு பட்டியலைக் கொண்டுவந்து பார்த்தார்கள். 19 விஷயங்கள். நோயாளி இவர்தானா, அறுக்க வேண்டிய இடம் இதுதானா என்கிற மாதிரி எளிய விஷயங்கள். இறந்தவர்களின் விகிதம் 1.5 சதவிகிதத்திலிருந்து 0.8 சதவிகிதமாகக் குறைந்தது என்று 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். பட்டியலைப் பார்த்துச் செய்கிற சர்ஜனை நாம் பொறுப்பானவர் என்கிறோம். பட்டியலைப் பார்த்துப் பால் வாங்கப் போகிற கணவனை என்ன சொல்கிறோம்?

இந்த இடத்தில் நான் கட்டுரையை முடித்திருந்தால் எல்லாருக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். தம்பி நிரபராதி, அப்பா அறியாமல் செய்தார், சுபம். நானும் அப்படித்தான் சந்தோஷமாக இருந்தேன். தம்பி மனைவிதான் அதைக் கலைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, இந்தப் பென்ஃபீல்ட் கதையை உணர்ச்சிகரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவள், கத்தியைக் கீழே வைத்தாள்.

"அத்தான், அந்த டாக்டரம்மா சொன்னதுல எல்லாருக்கும் நிம்மதி ஆயிட்டு. அவுகளுக்கு, நம்ம மேல தப்பு இல்லன்னு நிம்மதி. உங்களுக்கு, தம்பியைப் புரிஞ்சுக்கிட்டோம்னு நிம்மதி. எனக்கு என்ன ஆச்சு? கரண்ட் பில்லு எப்பக் கட்டணும், கேஸ் எப்பப் பதியணும், பிள்ளைக்கு எந்த வாரம் டெஸ்ட்டு, இவுக சட்டைப் பையில கடைக்காரர் பணம் இருக்கா... எல்லாம் என் தலையிலதான இருக்கு. இவுகளுக்கு வராதது எல்லாம் எனக்கு வந்துதான ஆகணும்?"

நான் வாயை மூடிக்கொண்டேன். இருபது வருஷமாக அந்த வீட்டின் டோக்கன் கருவி அவள்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. இரும்புக் கருவிக்கு அலுப்பில்லை, அவளுக்கு உண்டு.

ஒருவன் மேல் குற்றமில்லை என்று சொல்லிவிட்டால், அவனால் விளைந்த கஷ்டமும் இல்லையென்று ஆகிவிடுமா? ஆகாது. மழை யார் குற்றமும் இல்லை. அதற்காக ஒழுகுகிற கூரையின் கீழே படுத்திருக்கிறவள் நனையாமல் இருப்பாளா? அப்பாவின் தவறு, குற்றம் இல்லாத இடத்தில் குற்றம் கண்டது. என்னுடைய தவறு, குற்றம் இல்லை என்றதும் கணக்கையே மூடிவிட்டது. இரண்டில் எது மோசம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் தவறுதான் எனக்குச் சுலபமாக இருந்தது என்பது மட்டும் தெரியும்.

தம்பியிடமும் ஒரு தவறு இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். கல்யாணமான புதிதிலேயே அவள் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். "நான் என்ன சின்னப்பிள்ளையா, சீட்டு எழுதி எடுத்துட்டுப் போக?" என்று மறுத்துவிட்டானாம். வரிசை வராதது அவன் குற்றமில்லை. சீட்டு எழுத மறுத்தது? அது 'வராது' இல்லை, அது 'மாட்டேன்'. ஆனால், அந்த 'மாட்டேன்' எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், மறுபடியும் அப்பாவின் சாப்பாட்டுத் தட்டுக்குத்தான் போய் நிற்கிறது. அக்கறை இல்லாதவன் என்ற பட்டத்தைச் சுமந்தவனுக்கு, கையில் சீட்டு என்பது அந்தப் பட்டத்துக்கு அவனே போடுகிற கையெழுத்து. எப்படிப் போடுவான்? அவமானம் ஒரு மனிதனைத் திருத்தும் என்று நம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். என் தம்பிக்கு அது செய்த ஒரே காரியம், அவனுக்கு உதவக்கூடிய சீட்டைக் கையால் தொடவிடாமல் செய்தது.

இன்னொரு ஆறுதல் மொழியும் உண்டு. 'இந்த மாதிரி ஆட்களுக்கு வேறு ஏதாவது ஒரு மேதைமை இருக்கும்' என்பது. 2007-இல் வந்த 'தாரே ஜமீன் பர்' படத்தில் அந்தப் பையன் ஓவியப் போட்டியில் ஜெயிக்கிறான். எனக்கும் தியேட்டரில் கண் கலங்கியது. ஆனால், என் தம்பிக்கு ஓவியம் வராது. பாட்டும் வராது. பெயிண்ட் கடையில் விற்பனையாளராக இருக்கிறான். நல்லவன், சாதாரணமானவன். மன்னிப்புக் கிடைக்க மேதையாக இருக்க வேண்டும் என்றால் சாதாரண மனிதர்கள் எங்கே போவது?

குழந்தை என்னிடம் ஒருநாள் கேட்டாள். "பெரியப்பா, எனக்கு இப்ப வராதா, எப்பவுமே வராதா?" பத்து வயதுச் சொச்சத்தில் எவ்வளவு பெரிய கேள்வி! வரும் என்று சொன்னால், வராத ஒவ்வொரு நாளும் அவள் தன்னையே திட்டிக்கொள்வாள். வராது என்று சொன்னால் முயற்சியை விட்டுவிடுவாள். "கொஞ்சம் வரும், கொஞ்சம் வராது. வராதத செவுத்துல எழுதிக்கலாம்" என்றேன். அவள் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் திருப்தியானதாகத் தெரியவில்லை. ஆனால், பொய் சொல்லவில்லை என்பதுவரை எனக்கு நிம்மதி.

சுவரில் எழுதியது அவளுடைய அப்பாதான். வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு அட்டை: பை, டிபன், தண்ணி, ஐ.டி. கார்டு, கடைசியில் ஷூ. அதற்குக் கீழேயே அவனுக்கும் ஒரு அட்டை: சாவி, பர்ஸ், போன், மூக்குக்கண்ணாடி, சாப்பாடு. காலையில் அப்பாவும் மகளும் கதவைப் பார்த்து நின்று, பிரார்த்தனை மாதிரி ஒப்பிக்கிறார்கள். கேஸ் பதிவது, கரண்ட் பில் இரண்டும் இப்போது அவன் பொறுப்பு. போனில் அலாரம் வைத்திருக்கிறான். அலாரம் அடித்ததும் அதை அணைத்துவிட்டு மறந்துபோகிற நாளும் உண்டு. போன மாதம் கேஸ் தீர்ந்து, ரெண்டு நாள் இட்லி மாவை வைத்துக்கொண்டு கரண்ட் அடுப்பில் ஓட்டினார்களாம். தம்பி மனைவி திட்டினாள். திட்டட்டும். 'கேஸ் பதியல' என்று திட்டுவது வேறு, 'அக்கறை இல்ல' என்று திட்டுவது வேறு என்று அவளே சொல்கிறாள்.

இந்த வருஷம் அப்பாவின் திதி என் வீட்டில். சாமான் வாங்குகிற பொறுப்பைத் தம்பியிடம் கொடுத்தேன். கொடுக்கும்போது உள்ளுக்குள் கொஞ்சம் உதறல்தான். நானே பட்டியல் எழுதிக் கொடுத்தேன்: பச்சரிசி, எள், தர்ப்பை, வாழைக்காய், வாழை இலை, நெய், வெற்றிலை பாக்கு. காலை ஏழு மணிக்குப் போனவன் எட்டு மணி வரைக்கும் வரவில்லை. எட்டரைக்கு ஐயர் வந்துவிடுவார். 'இவனை நம்பி' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது; குரல்கூட அப்பாவின் குரலாகவே இருந்திருக்கும். அப்போது போன் அடித்தது.

"அண்ணே, எல்லாம் வாங்கியாச்சு. எள்ளு மட்டும் கறுப்பா, வெள்ளையான்னு நீ எழுதல. ரெண்டு தடவை போன் பண்ணினேன், நீ எடுக்கல. அதான் கடையிலயே நிக்கேன்."

"கறுப்பு" என்றேன்.